வலி எந்தப் பக்க மூளையில்?

வலது காலில் அடிபட்டால் இடது மூளைதான் உணருமாமே, உண்மையா?

பாதி உண்மை. கதவு விளிம்பில் சுண்டுவிரல் இடித்துக்கொள்கிறது. முதலில் சுரீர் என்று ஒரு வலி. சற்றுப் பொறுத்து விண்விண் என்று இன்னொன்று. பின்னதைச் சுமந்து வரும் மெல்லிய நரம்பிழைகளின் வேகம் நொடிக்குச் சுமார் 1 மீட்டர்தான், அதனால் அந்தத் தாமதம். இரண்டு வலியும் தண்டுவடத்துக்குள் நுழைந்த சற்று தூரத்திலேயே எதிர்ப்பக்கம் தாண்டிவிடுகின்றன. எனவே எந்த இடத்தில் வலி என்ற கணக்கைப் பெரும்பாலும் எதிர்ப்பக்க மூளை போடுகிறது. ஆனால் மூளையின் பக்கவாட்டு மடிப்புக்குள் மறைந்திருக்கும் இன்சுலா போன்ற பகுதிகள் இரண்டு பக்கமும் சேர்ந்தே விழித்துக்கொள்ளும்.

வேதனைப்படுவது வலது மூளையாம். இடது மூளையைப் பழக்கினால் வலி குறையும் என்று பயிற்சி வகுப்புக்கு அழைக்கிறார்கள். சேரலாமா?

பணம் கட்டாதீர்கள். இந்தப் பேச்சு கிளம்பியதற்குக் காரணம் உண்டு. எலிகளிடம் நடத்திய சோதனைகளில், காயம் எந்தப் பக்கம் இருந்தாலும் வலது அமிக்டலாவே கூடுதலாகத் தூண்டப்பட்டது. அச்சத்தோடு நெருங்கிய தொடர்புள்ள பகுதி அது. அதை வைத்து மனித வேதனை முழுவதையும் வலப்பக்கத்துக்கு எழுதிவைக்க முடியாது. 1928இல் ஷில்டர், ஸ்டெங்கல் என்ற இரு மருத்துவர்கள் விவரித்த நோயாளிக்கு மூளையின் இடப்பக்கத்தில்தான் பாதிப்பு. ஊசியால் குத்தினால் குத்துவது தெரியும், ஆனால் கையை இழுத்துக்கொள்ளத் தோன்றாது. வலி இருக்கிறது, அதன் உறைப்பு மட்டும் போய்விட்டது. வேதனை வலது மூளையின் தனிச்சொத்து என்றால் இதற்கு விளக்கமே இல்லை.

கைகளைக் குறுக்காக வைத்தால் வலி குறையுமா?

கொஞ்சம் குறையும். 2011இல் லண்டனில் நடந்த ஆய்வில் அப்படித்தான் தெரிந்தது. இடது கை வலப்பக்கம் போனதும் 'எந்தக் கை, எந்தப் பக்கம்' என்று மூளை குழம்புகிறது. இதைச் சிகிச்சையாக எண்ண வேண்டாம்.

அப்பாவுக்கு வலப்பக்க மூளையில் பக்கவாதம். இடது விரல் சக்கர நாற்காலியில் நசுங்கியும் அவர் சொல்லவே இல்லை. வலியே தெரியாதா?

உணர்வுப் பாதை அடிபட்டிருந்தால் தெரியாமல் போகலாம். ஆனால் தட்டின் இடப்பாதிச் சாப்பாட்டை அப்படியே விட்டுவிடுகிறாரா? இடப்பக்கம் நின்று கூப்பிட்டால் திரும்புவதில்லையா? அப்படியானால் அவருடைய கவனத்திலிருந்தே இடப்பக்கம் நழுவியிருக்கிறது. வலது மூளை பாதிக்கப்பட்டவர்களிடம் இது அதிகம். அவர் வேண்டுமென்று மறைக்கவில்லை. அவருக்காக நீங்கள்தான் பார்க்க வேண்டும்: விரல் நுனி, முழங்கை, குதிகால் சிவந்திருக்கிறதா என்று தினமும் பாருங்கள். தூக்கும்போது இடது கையைப் பிடித்து இழுக்கவே கூடாது, தோள்மூட்டு நழுவிவிடும்.

இன்னொன்றும் உண்டு. சில மாதம் கழித்து அதே இடப்பக்கம் எரிவதாக அவர் சொல்லக்கூடும். உணர்வுச் செய்திகளை மூளையின் மேற்பகுதிக்குக் கடத்தும் தலாமஸ் என்ற பகுதியின் பாதிப்பால் வரும் இந்த வலியை 1906லேயே டெஜெரின், ரூசி என்ற மருத்துவர்கள் விவரித்திருக்கிறார்கள். வழக்கமான வலி மாத்திரைக்குப் பெரும்பாலும் அடங்காது. அமிட்ரிப்டிலின் போன்ற வேறு வகை மருந்துகள் தேவைப்படும். போர்வை பட்டாலே எரிகிறது என்று அப்பா சொன்னால் 'அங்கே ஒன்றுமே இல்லையே' என்று சமாதானம் சொல்லிவிடாமல் நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துப்போங்கள்.