மகாவலி எங்கே கடலில் விழுகிறது?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மகனுக்கு 16 வயது, இந்த முறை ஓ.எல். எழுதுகிறான். சும்மா பேச்சுக்கு, மகாவலி கங்கை எங்கே போய்க் கடலில் விழுகிறது என்று கேட்டேன். வாய் திறக்க முதலே கை போனுக்குப் போய்விட்டது. எங்கள் காலத்தில் 335 கிலோமீட்டர் என்று நீளத்தையும் சேர்த்தே சொல்வோம். இந்தப் பிள்ளைகள் ஒன்றும் தெரியாமலே வளரப் போகிறார்களா? போனைப் பிடுங்கி வைத்துவிடவா?
– ஒரு தாய், வெள்ளவத்தை

பதில்: கொஞ்சம் பொறுங்கள் அக்கா. உங்கள் கடிதத்தைப் படித்த கையோடு அலுவலகத்தில் மூன்று பேரிடம் அதே கேள்வியைக் கேட்டேன், மூவரும் 40ஐத் தாண்டியவர்கள். ஒருவர் திருகோணமலை, கொட்டியாரக் குடா என்று டக்கென்று சரியாகச் சொன்னார். அடுத்தவர் மட்டக்களப்பு என்று அடித்துச் சொன்னார். மூன்றாமவர் போனை எடுத்தார். ஆக, இதில் உங்கள் மகனை மட்டும் கூண்டில் ஏற்ற முடியாது.

2011இல் அமெரிக்காவில் பெட்ஸி ஸ்பாரோ என்ற உளவியலாளரும் அவருடைய கூட்டாளிகளும் ஒரு சோதனை செய்தார்கள். தீக்கோழியின் கண் அதன் மூளையை விடப் பெரிது என்கிற மாதிரி 40 துணுக்குத் தகவல்களை ஆட்களிடம் கொடுத்து, கணினியில் தட்டச்சு செய்யச் சொன்னார்கள். பாதிப் பேருக்கு 'இது அழிந்துவிடும்' என்று சொல்லப்பட்டது, மீதிப் பேருக்கு 'சேமித்து வைக்கப்படும்' என்று. சேமிக்கப்படும் என்று நம்பியவர்களுக்குத்தான் நினைவில் குறைவாக நின்றது. இன்னொரு சோதனையில் தகவலை விட, அது எந்தக் கோப்புறையில் இருக்கிறது என்பதைத்தான் அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள்! நம் வீடுகளில் நடப்பதும் இதுதானே. காணி உறுதி எந்த அலுமாரியில் இருக்கிறது என்று என் அப்பாவுக்குக் கடைசி வரை தெரியாது, அம்மாவுக்குத் தெரியும் என்பது மட்டும் தெரியும். அதனால் அவரை யாரும் அறிவில்லாதவர் என்று சொல்லவில்லை.

ஆனால் இதோடு விட்டால் உங்களுக்குப் பொய் ஆறுதல் சொன்னவனாகிவிடுவேன். போன வருஷம் புறக்கோட்டையில் ஒரு துணிக்கடையில் திரைச்சீலைக்கு இரண்டே முக்கால் மீட்டர் வெட்டினேன், மீட்டர் 680 ரூபாய். கணக்குப் போட்ட பொடியனுக்கு இருபது வயது இருக்கும், போனில் 2.75க்குப் பதிலாக 27.5 என்று தட்டிவிட்டு, முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல் "பதினெட்டாயிரத்து எழுநூறு ஐயா" என்றான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உள்ளே காசு மேசையில் இருந்த முதலாளி, கையில் இருந்த பில் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமலே "ஆயிரத்து எண்ணூற்று எழுபது" என்றார். பிழையாகத் தட்டுவது யாருக்கும் நடக்கும், நானும் தட்டுவேன். என்னைப் பயமுறுத்தியது, மூன்று மீட்டருக்கும் குறைவான துணி பதினெட்டாயிரமா என்று அவனுக்கு உள்ளே எதுவும் உறுத்தாததுதான். இத்தனைக்கும் நம் ஓ.எல். கணிதப் பரீட்சையில் கல்குலேட்டருக்கு இடமே இல்லை, மடக்கை அட்டவணையோடு மல்லுக்கட்டித்தான் அந்தப் பொடியனும் வந்திருப்பான். பள்ளிக்கூடம் கொடுத்ததைப் பழக்கம் தின்றுவிட்டது.

அந்த உறுத்தல்தான் நம் தலைக்குள் இருக்க வேண்டிய சரக்கு. பதில் போனில் இருக்கிறது, சரி, வந்த பதில் பிழை என்று யார் சொல்வது? அதற்கு அந்த விஷயத்தில் ஏற்கெனவே கொஞ்சமாவது தெரிந்திருக்க வேண்டும். மகாவலி கிழக்குப் பக்கம் ஓடுகிற ஆறு என்ற அளவுக்காவது தெரிந்தவனிடம் யாராவது 'அது புத்தளத்தில் கடலில் சேர்கிறது' என்றால் முகம் சுளிப்பான். ஒன்றுமே தெரியாதவன் அப்படியே எழுதிக்கொண்டு போவான்.

போனைப் பிடுங்காதீர்கள், பிடுங்கினால் நண்பனின் போனில் பார்ப்பான், அவ்வளவுதான். தேடுவதற்கு முதல் ஒரு ஊகம் சொல்லச் சொல்லுங்கள். கிழக்கா மேற்கா, மட்டக்களப்பா திருகோணமலையா என்று வாயால் ஏதோ ஒன்றைச் சொல்லிவிட்டுத்தான் போனைத் திறக்க வேண்டும். பிழையாகச் சொன்னாலும் பரவாயில்லை, பந்தயம் கட்டிய பதில் லேசில் மறக்காது. அப்புறம் அக்கா, அவன் உங்களிடமும் கேட்பான், அதற்கும் தயாராக இருங்கள்.

கேள்வி: முப்பது வருடம் படிப்பித்து ஓய்வு பெற்றவன். புத்தகத்தைக் கையால் தொடாத ஒரு தலைமுறையைப் பார்க்கிறேன். உலகம் பூராவும் புத்திக் கூர்மை குறைகிறது என்று வேறு எழுதுகிறார்களே, காரணம் இந்தப் போன்தானே?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், கொட்டாஞ்சேனை

பதில்: வணக்கம் சேர். எழுத்து வந்தால் மனிதனுக்கு ஞாபகசக்தி போய்விடும், படிக்காமலே படித்தவன் மாதிரி நடிப்பான் என்று சோக்ரடீஸ் கவலைப்பட்டதாக பிளேட்டோ எழுதி வைத்திருக்கிறார். எழுதி வைத்ததால்தான் நமக்கு அது தெரிகிறது என்பது வேறு கதை.

நீங்கள் சொல்வது நோர்வே ஆய்வாக இருக்கலாம். 20ஆம் நூற்றாண்டு முழுக்கப் பல நாடுகளில் நுண்ணறிவுச் சோதனைப் புள்ளிகள் ஏறிக்கொண்டே போயின. நோர்வேயில் இராணுவத்துக்கு ஆள் எடுக்கும்போது நடத்திய சோதனைகளை வைத்து 2018இல் வெளியான ஆய்வு, 1975 அளவில் பிறந்தவர்களில் இருந்து அந்த ஏற்றம் நின்று இறங்கத் தொடங்கியது என்று காட்டியது. ஒரே வீட்டு அண்ணன் தம்பிக்குள்ளேயே அந்த இறக்கம் தெரிந்தது, ஆகவே பரம்பரையில் பழி போட முடியாது, சூழலில்தான் ஏதோ மாறியிருக்கிறது. ஆனால் கவனியுங்கள், 1975இல் பிறந்தவர் 18 வயதில் அந்தச் சோதனைக்குப் போனபோது ஸ்மார்ட் போன் என்று ஒன்று உலகத்திலேயே இல்லை. போன் நிரபராதி என்று நான் சொல்லவில்லை, இந்த வழக்கில் மட்டும் சாட்சி பொருந்தவில்லை.

புத்தகம் பற்றி ஒன்று. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது போன புத்தகங்கள் ஏறத்தாழ 97,000. எரிந்ததைத் திருப்பிக் கொண்டுவர யாராலும் முடியாது. ஆனால் 2005இல் தொடங்கிய நூலகம் இணையத்தளத்தில் ஈழத்துப் பழைய புத்தகங்கள், சஞ்சிகைகள், பத்திரிகைகளைத் தொண்டர்கள் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து இலவசமாகப் போட்டிருக்கிறார்கள். விகாரமகாதேவி பூங்காவுக்கு எதிரே இருக்கும் பொது நூலகத்துக்குப் போக பஸ் காசு இல்லாத பிள்ளையும் கொட்டாஞ்சேனையில் படுத்துக்கொண்டே அவற்றை வாசிக்கலாம். வாசிக்கிறதா என்பது உங்கள் கேள்வி, நியாயமானதுதான். ஆனால் அப்படி ஒன்று இருக்கிறது என்று அந்தப் பிள்ளைக்கு யார் சொன்னது சேர்? நாமா?

கேள்வி: எங்களை ஒன்றும் தெரியாதவர்கள் என்கிறார்கள். எங்கள் குடும்ப வட்ஸ்அப் குழுவில் பொய்ச் செய்தி அனுப்புவது முழுக்கப் பெரியப்பாவும் மாமாவும்தான். அவர்களுக்கும் நாலு வார்த்தை எழுதுங்களேன்!
– பல்கலைக்கழக மாணவி, தெஹிவளை

பதில்: எழுதினால் அதையும் பாதி வெட்டி ஃபோர்வேர்ட் பண்ணுவார்கள் தங்கச்சி. 2018 பெப்ரவரியில் அம்பாறையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் மலட்டு மாத்திரை கலந்தார்கள் என்று வதந்தி கிளம்பி, கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. கடைசியில் பகுப்பாய்வு செய்து பார்த்தால் வெறும் மாக்கட்டி. சாப்பாட்டில் போட்டு ஒருவரை நிரந்தரமாக மலடாக்கும் மாத்திரை ஒன்று கிடையவே கிடையாது. அதை நம்பினவர்களில் எல்லா வயதுக்காரரும் இருந்தார்கள்.

உங்களுக்கும் ஒரு குட்டு. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் சாம் வைன்பர்க் குழுவினர் 45 பேரை இணையத்தளங்களை எடைபோடச் சொன்னார்கள், கலாநிதிப் பட்டம் பெற்ற வரலாற்று அறிஞர்கள், அந்தப் பல்கலைக்கழகத்து மாணவர்கள், தொழில்முறைச் செய்தி சரிபார்ப்பாளர்கள். அறிஞர்களும் மாணவர்களும் அந்தப் பக்கத்திலேயே உட்கார்ந்து, அழகான லோகோவையும் பெரிய பெயரையும் பார்த்துப் பலமுறை ஏமாந்தார்கள். சரிபார்ப்பாளர்கள் பக்கத்தை முழுக்க வாசிக்கவே இல்லை, உடனே வேறொரு பக்கத்தைத் திறந்து, இவர்கள் யார், பின்னால் யார் இருக்கிறார்கள் என்று பார்த்தார்கள். மாமாவுக்கு இதைக் காட்டிக் கொடுங்கள், சண்டை போடாமல்.

கேள்வி: உங்களுக்கு எத்தனை போன் நம்பர் மனப்பாடம்?
– வாசகர், பம்பலப்பிட்டி

பதில்: மூன்று. என்னுடையது, அம்புலன்ஸ் 1990, இருபது வருஷத்துக்கு முன்னால் துண்டித்துவிட்ட எங்கள் பழைய வீட்டு லேண்ட்லைன். போன மாதம் கோட்டை ஸ்டேஷனில் என் போன் சார்ஜ் இறங்கிவிட்டது. வீட்டுக்குச் சொல்ல வேண்டும் என்று பக்கத்தில் நின்ற ஒரு பொடியனிடம் போனைக் கேட்டு வாங்கி, மனைவியின் நம்பரைத் தட்டத் தொடங்கினேன். 077 வரைதான் வந்தது.