அரசு பெரியதா சிறியதா? வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: கல்லூரிப் பட்டிமன்றத்தில் 'சிறிய அரசே சிறந்த அரசு' என்ற அணியில் என்னைப் போட்டுவிட்டார்கள். படிக்கப் படிக்க எதிரணி சொல்வதும் சரியாகத்தான் படுகிறது. உண்மையில் எது சரி?
- ஒரு மாணவி

பதில்: முதலில் உங்கள் அணியைப் பற்றி ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். சிறிய அரசு வேண்டும் என்பவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில் நிற்பவர்கள் இல்லை. பொருளாதார அறிஞர் ஆடம் ஸ்மித் 1776-இல் எழுதியபோதே அரசுக்கு மூன்று வேலைகளை ஒதுக்கினார். நாட்டைக் காப்பது, நீதி வழங்குவது, அப்புறம் தனி ஆளுக்கு லாபம் தராத ஆனால் ஊருக்கே பயன்படுகிற பொதுப்பணிகளைச் செய்வது. அந்த மூன்றாவது வேலைக்குள் சாலையும் பாலமும் மட்டுமல்ல, ஏழைப் பிள்ளைகளின் படிப்பும் வந்துவிடுகிறது. பொருளாதார அறிஞர் ஹாயெக் 1944-இல் எழுதிய நூலில், பொருளாதாரம் முழுவதையும் அரசே திட்டமிட்டு நடத்தும் மத்தியத் திட்டமிடலைக் கடுமையாக எதிர்த்தார், ஆனால் உணவு, உடை, உறைவிடம் ஆகியவற்றில் குறைந்தபட்சப் பாதுகாப்பை எல்லோருக்கும் உறுதிசெய்யலாம் என்றும் அதே நூலில் சொன்னார். 1974-இல் எழுதிய அமெரிக்கத் தத்துவஞானி நோஸிக்தான் கறாராக இருந்தார்: வன்முறை, திருட்டு, மோசடி இவற்றிலிருந்து காப்பது, ஒப்பந்தங்களை நிறைவேற்றச் செய்வது, அவ்வளவுதான் அரசு.

எதிரணியின் பலமான ஆள் அமெரிக்கத் தத்துவஞானி ஜான் ரால்ஸ். 1971-இல் அவர் கேட்டதைச் சுருக்கமாகச் சொன்னால் இதுதான்: பணக்கார வீட்டில் பிறப்பீர்களா ஏழை வீட்டிலா, திடமான உடம்போடா நோயோடா என்று எதுவுமே தெரியாத நிலையில் சமூகத்துக்கு விதி எழுதச் சொன்னால் என்ன எழுதுவீர்கள்? கடைசியில் நிற்பவருக்கும் நன்மை தந்தால்தான் ஏற்றத்தாழ்வை ஒப்புக்கொள்ளலாம் என்பது அவர் கண்ட விடை. நோஸிக் கேட்பதோ, ஒருவன் நேர்வழியில் சம்பாதித்ததை எடுத்து இன்னொருவனுக்குக் கொடுக்க நீ யார் என்று. இரண்டுமே நீதி பற்றிய கேள்விகள்தான், அதனால்தான் உங்களுக்கு இரண்டும் சரியாகப் படுகிறது.

என்னைக் கேட்டால் 'பெரியது, சிறியது' என்ற அளவுகோலே சரியில்லை. நாட்டின் மொத்த உற்பத்தியில் பாதிக்கு மேல் பிரான்ஸ் அரசின் செலவு, சிங்கப்பூரில் ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே. அந்தக் கணக்கில் சிங்கப்பூர் சிறிய அரசு. ஆனால் அங்கே நிலத்தில் பெரும்பகுதி அரசுடையது, சுமார் 80 சதவீதம் பேர் அரசு வாரியம் கட்டிய வீடுகளில் இருக்கிறார்கள், சம்பளத்தில் ஒரு பகுதியைச் சட்டப்படி சேமித்தே ஆக வேண்டும். இதைச் சிறியது என்று எப்படிச் சொல்வது? அதேபோல, மிகக் குறைவாகச் செலவு செய்கிற ஓர் அரசு ஒரு மனிதனை விசாரணையே இல்லாமல் உள்ளே தள்ளி வைக்க முடியும் என்றால், அந்த மனிதனுக்கு அதைவிடப் பெரிய அரசு உலகத்தில் கிடையாது.

புறநானூற்றில் பிசிராந்தையார் பாண்டியன் அறிவுடைநம்பிக்குச் சொன்ன பாட்டு (184) உங்களுக்குப் பயன்படும். நெல்லை அறுத்துக் கவளமாக ஊட்டினால் ஒரு மாவுக்கும் (மா என்பது சிறிய நில அளவு) குறைந்த நிலத்து விளைச்சலே யானைக்குப் பல நாளைக்கு வரும், யானை தானே வயலில் புகுந்தால் நூறு வயல் இருந்தாலும் வாய் தின்பதைவிடக் கால் மிதித்துக் கெடுப்பதுதான் அதிகம் என்கிறார். யானை எவ்வளவு பெரியது என்பது அவருடைய கவலை இல்லை பாருங்கள், அது எப்படி உள்ளே வருகிறது என்பதுதான். மேடையில் அளவை விட்டுவிட்டு, 'போதும், நிறுத்து' என்று அரசிடம் சொல்லும் உரிமை யாருக்கு இருக்கிறது, நீதிமன்றத்துக்கா, வாக்காளருக்கா, பத்திரிகைக்கா, அது நடைமுறையில் பலிக்கிறதா என்று பேசுங்கள்.

கேள்வி: 'அரசு தொட்டது துலங்காது, தனியாரிடம் விட்டால்தான் வேலை நடக்கும்' என்கிறான் என் மகன். வேலைக்காலம் முழுவதும் அரசுப் பணியில் இருந்த எனக்குக் கோபமாக வருகிறது.
- ஓய்வுபெற்ற வாசகர் ஒருவர்

பதில்: ஐயா, உங்கள் கோபம் புரிகிறது, மகன் சொல்வதையும் முழுக்கத் தள்ள முடியாது. 19-ஆம் நூற்றாண்டு லண்டன் கதையை இரண்டு பேருமே தெரிந்துகொள்ள வேண்டும். அங்கே குடிநீர் தனியார் கம்பெனிகளின் கையில் இருந்தது, சாக்கடை அரசு அமைத்த ஆணையத்தின் கையில். துர்நாற்றம்தான் நோயைப் பரப்புகிறது என்று நம்பிய ஆணையம், வீடுகளின் கழிவுக் குழிகளை ஒழித்துவிட்டு எல்லாவற்றையும் தேம்ஸ் ஆற்றில் கொண்டுபோய் விட்டது. பல கம்பெனிகள் தண்ணீர் எடுத்ததும் அதே ஆற்றில்தான். 1848-49 காலராவில் அந்த நகரத்தில் மட்டும் சுமார் 14,000 பேர் செத்தார்கள். ஒரு பக்கம் அரசின் நல்லெண்ணம், இன்னொரு பக்கம் கம்பெனியின் லாபக் கணக்கு, இரண்டும் கைகோத்துக்கொண்டு செய்த வேலை அது.

1852-இல் ஒரு சட்டம் வந்தது, தண்ணீர் எடுக்கும் இடத்தை 1855-க்குள் கழிவு கலக்காத மேல்பகுதிக்கு மாற்ற வேண்டும் என்று. ஒரு கம்பெனி உடனே மாற்றிக்கொண்டது, இன்னொன்று கெடு முடியும் வரை பழைய இடத்திலேயே எடுத்துக்கொண்டிருந்தது. பல தெருக்களில் இரண்டு கம்பெனிக் குழாய்களும் ஓடின, அடுத்தடுத்த வீட்டுக்கு வேறு வேறு தண்ணீர். 1854-இல் காலரா மறுபடி வந்தபோது ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் இறந்தவர்களின் வீடு வீடாகப் போய், உங்களுக்கு எந்தக் கம்பெனித் தண்ணீர் என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். இடம் மாற்றாத கம்பெனியின் வீடுகளில் சாவு பல மடங்கு அதிகம். அவர் எந்த வீட்டுக்குப் போக வேண்டும் என்று தெரிந்தது எப்படி? இறப்புகளை முகவரியோடு பதிந்து வைத்திருந்த அரசுப் பதிவு அலுவலகத்தால். பேரேட்டில் பெயர் எழுதிக்கொண்டிருந்த அந்த எழுத்தர்களை நினைத்தால் எனக்கு மரியாதை பொங்குகிறது, நீங்களும் அந்த வரிசையில் வந்தவர்தான் என்று மகனிடம் சொல்லுங்கள்.

அதோடு இதையும் சொல்லிவிடுங்கள்: 1858 கோடையில் ஆற்றின் நாற்றம் தாங்காமல் நாடாளுமன்றத் திரைச்சீலைகளை பிளீச்சிங் பவுடர் கரைசலில் நனைத்துத் தொங்கவிட வேண்டி வந்த பிறகுதான், நகரம் முழுவதற்குமான பாதாளச் சாக்கடைக்குச் சட்டம் சில வாரங்களில் நிறைவேறியது. ஏழைகளின் வீட்டில் சாவு விழுந்த வருடங்களில் வராத அவசரம் அது.

கேள்வி: வரி என்பது திருட்டுதானே?
- தொழில்முனைவோர் ஒருவர்

பதில்: உழைத்துச் சம்பாதித்ததன் மேல் போடும் வரி கட்டாய வேலைக்குச் சமம் என்றே நோஸிக் எழுதினார், அதனால் நீங்கள் கேட்பது அசட்டுக் கேள்வி இல்லை. எனக்கு அதில் உடன்பாடும் இல்லை. உங்கள் இடம் உங்களுடையது என்று பத்திரம் பதிந்து, யாராவது ஆக்கிரமித்தால் வழக்கு நடத்தி, தீர்ப்பை அமல்படுத்திக் கொடுக்க ஓர் அமைப்பு வேண்டும், அதற்குச் செலவும் உண்டு. தனிச் சொத்துரிமையை அவ்வளவு உயர்த்திப் பிடித்த 17-ஆம் நூற்றாண்டு ஆங்கிலத் தத்துவஞானி ஜான் லாக்கே, பெரும்பான்மையோரின் சம்மதம் இருந்தால் வரி வாங்கலாம் என்றுதான் சொன்னார். அந்தச் சம்மதம் உண்மையிலேயே கேட்கப்படுகிறதா என்று சண்டை போடுங்கள், அந்தச் சண்டையில் நான் உங்கள் பக்கம்.

கேள்வி: அரசே இல்லாமல் மனிதர்கள் வாழ முடியாதா?
- இன்னொரு வாசகர்

பதில்: ஓரளவுக்கு முடியும். சுவிட்சர்லாந்தின் டோர்பெல் கிராமத்தில், குளிர்காலம் முழுவதும் எத்தனை மாடுகளுக்குத் தீனி போட முடியுமோ அத்தனை மாடுகளை மட்டும்தான் கோடையில் பொது மேய்ச்சலுக்கு அனுப்பலாம் என்று 1517-லேயே விதி இருந்தது. ஊர்க்காரர்கள் தாங்களே போட்டு, தாங்களே காவல் காத்த விதி. இப்படிப்பட்ட ஊர்களை ஆராய்ந்ததற்காகத்தான் அமெரிக்க அறிஞர் எலினார் ஆஸ்ட்ரம் 2009-இல் பொருளாதார நோபல் பரிசு பெற்றார். ஆனால் ஊர் போடும் விதியை மேலே உள்ள அரசு மதித்து ஒதுங்கி நின்றால்தான் அது நீடிக்கும் என்பதும் அவர் கண்டதுதான். முகம் தெரிந்தவர்களுக்குள் முடிகிற காரியம் இது, கோடிக்கணக்கான அந்நியர்கள் சேர்ந்து வாழும் இடத்தில் இதை மட்டும் நம்பி இறங்க எனக்குத் துணிச்சல் இல்லை.

கேள்வி: ஹெல்மெட் போடாவிட்டால் என் தலைக்குத்தானே ஆபத்து, அரசுக்கு என்ன வந்தது?
- இளைஞர் ஒருவர்

பதில்: ஆங்கிலத் தத்துவஞானி ஜான் ஸ்டூவர்ட் மில் 1859-இல் உங்களுக்காகவே வாதாடி வைத்திருக்கிறார்: பிறருக்குத் தீங்கு வராதவரை ஒருவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது. இடியும் நிலையில் உள்ள பாலத்தில் ஒருவர் தெரியாமல் கால் வைக்கப் போகிறார், எச்சரிக்க நேரமில்லை என்றால் பிடித்து இழுக்கலாம், தெரிந்தே போகிறார் என்றால் எச்சரித்துவிட்டு விட வேண்டியதுதான் என்பது அவருடைய கணக்கு. நான் இதில் அவரோடு முழுசாகப் போக மாட்டேன். நீங்கள் விழுந்தால் ஆம்புலன்ஸ் வர வேண்டும், அவசர சிகிச்சையில் ஒரு படுக்கை உங்களுக்குப் போகும், உங்களை நம்பி வீட்டில் ஆட்கள் இருப்பார்கள். அபராதம் போடுவதை நான் ஒப்புக்கொள்வேன். அதற்காகச் சாலையில் உங்களை அடிக்கவோ வண்டிச் சாவியைப் பிடுங்கிக்கொண்டு பேரம் பேசவோ யாருக்கும் உரிமை இல்லை. ஹெல்மெட்டைப் போட்டுக்கொள்ளுங்கள், ரசீது இல்லாமல் அபராதம் கட்டாதீர்கள்.