கிளஃப், ரெவி, ஆலிசன், டாக்: எழுபதுகளின் வாய்க்கொழுப்பு இங்கிலாந்துக் கால்பந்து மேனேஜர்கள் பற்றிச் சில கேள்விகள்

கேள்வி: பிரையன் கிளஃபும் டான் ரெவியும் ஒரே ஊர்க்காரர்களாமே, அப்புறம் ஏன் அவ்வளவு பகை?

இரண்டு பேரும் மிடில்ஸ்பரோவில் பிறந்தவர்கள்தான், ரெவி 1927-இல், கிளஃப் 1935-இல். ஒரே ஊர் என்பதால்தான் அது பங்காளிச் சண்டை மாதிரி அவ்வளவு காரமாக இருந்தது என்று நினைக்கிறேன். ரெவி 1961-இல் பொறுப்பேற்றபோது லீட்ஸ் இரண்டாம் டிவிஷனில் தத்தளித்துக்கொண்டிருந்த டீம். ரியல் மாட்ரிட் போல முழு வெள்ளை உடை கொடுத்தார், எதிரணியைப் பற்றிப் பக்கம் பக்கமாகக் குறிப்பு தயார் செய்தார், ஹோட்டலில் ஆட்டக்காரர்களை உட்காரவைத்து பிங்கோ ஆடவைத்தார், 1969-இல் லீக்கையே ஜெயித்தார். ஆனால் அந்த டீம் பந்தோடு காலையும் சேர்த்து உதைக்கும், ஒரு முடிவு பிடிக்கவில்லையென்றால் ரெஃப்ரியைச் சுற்றி வளைத்துக் கத்தும். கிளஃபுக்கு அது ஆகவே ஆகாது. ஊரையே வம்புக்கு இழுத்தவர், தன் டீம் ஆட்கள் ரெஃப்ரியிடம் வாயைத் திறக்கக் கூடாது என்பதில் மட்டும் கறாராக இருந்தார்!

அதோடு 1972. மே 6 அன்று எஃப்ஏ கோப்பையை வென்ற லீட்ஸ், இரண்டே நாளில் வுல்வ்ஸ் மைதானத்தில் ஆட வேண்டியிருந்தது. டிரா செய்திருந்தாலே லீக்கும் அவர்களுக்குத்தான். 2-1 என்று தோற்றார்கள். அதே இரவு லிவர்பூலும் ஆர்சனலிடம் கோல் இல்லாமல் டிரா செய்தது, ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் கிளஃப் மேனேஜராக இருந்த டெர்பி சாம்பியன். டெர்பி ஆட்டக்காரர்கள் அப்போது உதவி மேனேஜர் பீட்டர் டெய்லரோடு மயோர்காவில் விடுமுறையில் இருந்தார்கள், கிளஃப் குடும்பத்தோடு சில்லி தீவுகளில். கடற்கரையில் இருந்தபடியே கோப்பை வாங்கியவர்களை லீட்ஸ்காரர்கள் எப்படி மன்னிப்பார்கள்? போதாக்குறைக்கு அடுத்த வருடம் கிளஃப் தன் பத்திரிகைப் பத்தியில், லீட்ஸை இரண்டாம் டிவிஷனுக்கு இறக்க வேண்டும் என்றே எழுதிவிட்டார்.

கேள்வி: இவ்வளவு திட்டிய ஆளை லீட்ஸ் எதற்கு வேலைக்கு எடுத்தது?

இதற்கு ஒழுங்கான பதில் இன்றுவரை கிடையாது. 1974-இல் ரெவி இங்கிலாந்து அணிக்குப் போனார். போகும்போது தன் இடத்துக்கு லீட்ஸ் ஆட்டக்காரர் ஜானி ஜைல்ஸை எடுங்கள் என்று சொல்லிவிட்டுத்தான் போனார். இயக்குநர்கள் அதைக் கேட்காமல், மூன்றாம் டிவிஷனில் பிரைட்டனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த கிளஃபைக் கூப்பிட்டார்கள். டெய்லர் வர மறுத்து பிரைட்டனிலேயே தங்கிவிட்டார்.

முதல் சந்திப்பிலேயே, நீங்கள் வாங்கிய மெடல் எதையும் நேர்மையாக வாங்கவில்லை, எல்லாவற்றையும் குப்பைத்தொட்டியில் போடுங்கள் என்றார் கிளஃப். எதிரே உட்கார்ந்திருந்தது யார்? கேப்டன் பிரெம்னர், ஜைல்ஸ், ஹன்டர். அடுத்து வெம்ப்ளியில் சீசன் தொடக்க ஆட்டமான சாரிட்டி ஷீல்டு. பிரெம்னரும் லிவர்பூலின் கீகனும் அடித்துக்கொண்டு ரெஃப்ரியால் துரத்தப்பட்டு, சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு வெளியேறினார்கள். நீண்ட தடை விழுந்தது, கேப்டன் காலி. ஆறு லீக் ஆட்டங்களில் ஒரே வெற்றி, 44-ஆவது நாள் வேலை போயிற்று.

அன்று மாலையே யார்க்‌ஷயர் டெலிவிஷன் கிளஃபையும் ரெவியையும் ஒரே ஸ்டுடியோவில் பக்கத்துப் பக்கத்தில் உட்காரவைத்தது. லீக்கை இன்னும் நல்ல விதமாக ஜெயிக்க நினைத்தேன் என்கிறார் கிளஃப். அதைவிட நல்ல விதமாக எப்படி, நாங்கள் நாலு ஆட்டம்தானே தோற்றோம் என்கிறார் ரெவி. உடனே இவர்: “நான் மூன்று மட்டும் தோற்றிருப்பேனே.” வேலை போய் சில மணி நேரம்தான் ஆகிறது, முகத்தில் ஒரு சுருக்கமில்லை. கிடைத்தால் அந்தப் பதிவைப் பாருங்கள், இன்றைய பிரஸ் மீட் எல்லாம் சப்பென்று இருக்கும்.

என் கணிப்பில் அவரைக் கவிழ்த்தது வாய் மட்டுமில்லை, டெய்லர் இல்லாததும்தான். ஆளை எடை போடுவது, கிளஃப் கொளுத்திப் போட்டதை அணைப்பது எல்லாம் டெய்லர் வேலை. அவர் பக்கத்தில் இருந்தபோதுதான் டெர்பியிலும், பிறகு நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டிலும் பெரிய கோப்பைகள் வந்தன.

கேள்வி: 1973 எஃப்ஏ கோப்பை இறுதி முடிந்ததும் தொப்பியும் மழைக்கோட்டுமாக ஓடுகிறாரே, அவர் யார்?

பாப் ஸ்டோக்கோ. இரண்டாம் டிவிஷன் சண்டர்லாந்தின் மேனேஜர். போர்ட்டர்ஃபீல்ட் அடித்த ஒரே கோலில் ரெவியின் லீட்ஸை வீழ்த்திவிட்டு, இரண்டு பந்துகளை அடுத்தடுத்துத் தடுத்த கோல்கீப்பர் மாண்ட்கோமரியைக் கட்டிப்பிடிக்க ஓடுகிறார்.

அந்த ஓட்டத்துக்குப் பின்னால் பழைய கணக்கு உண்டு. 1962-இல் ஸ்டோக்கோ பரி அணியின் ஆட்டக்காரரும் மேனேஜருமாக இருந்தபோது, ஆட்டத்தை விட்டுக்கொடுக்க ரெவி தனக்கு 500 பவுண்டு தருவதாகச் சொன்னார் என்று குற்றம் சாட்டினார். ரெவி அதை மறுத்தார். இதைவிடச் சுவாரசியம், கிளஃபுக்கும் ஸ்டோக்கோவைக் கண்டால் ஆகாது. 1962 டிசம்பர் 26, பரிக்கு எதிரான ஆட்டத்தில் சண்டர்லாந்து ஸ்ட்ரைக்கரான கிளஃப் கோல்கீப்பர் மேல் மோதி முழங்கால் போய்க் கிடக்கிறார். 274 லீக் ஆட்டங்களில் 251 கோல் அடித்தவரின் ஆட்ட வாழ்க்கையே ஏறக்குறைய அங்கே முடிந்தது. அப்போது ஸ்டோக்கோ ரெஃப்ரியிடம், இவன் நடிக்கிறான் என்றாராம். கிளஃப் அதைக் கடைசிவரை மறக்கவில்லை. எல்லா விஷயத்திலும் எதிரெதிராக நின்ற கிளஃபும் ரெவியும் ஒத்துப்போனது ஸ்டோக்கோவை வெறுப்பதில் மட்டும்தான் இருக்கும்.

கேள்வி: மால்கம் ஆலிசன் என்றாலே தொப்பியும் சுருட்டும்தானா, சரக்கும் இருந்ததா?

சரக்கு இருந்தது. மேனேஜர் ஜோ மெர்சரோடு சேர்ந்து மான்செஸ்டர் சிட்டிக்கு 1968 லீக், 1969 எஃப்ஏ கோப்பை, 1970-இல் லீக் கோப்பையும் ஐரோப்பிய கோப்பை வின்னர்ஸ் கோப்பையும். ஆனால் வாய்! 1968-இல் ஐரோப்பாவையே நடுங்கவைப்போம் என்றார், முதல் சுற்றிலேயே துருக்கியின் ஃபெனர்பாச்சே அனுப்பிவைத்தது. 1972 மார்ச்சில் சிட்டி முன்னணியில் இருந்தபோது ராட்னி மார்ஷை வாங்கி, ஓடிக்கொண்டிருந்த டீமின் தாளத்தைக் கெடுத்தார், நான்காம் இடம்தான் மிஞ்சியது. மெர்சர் என்ற பொறுமைசாலி விலகிய பிறகு அவர் பழைய ஆலிசனாக இருக்கவேயில்லை. 1976-இல் மூன்றாம் டிவிஷன் கிரிஸ்டல் பேலஸை லீட்ஸையும் செல்சியையும் அவரவர் மைதானத்திலேயே தோற்கடிக்கவைத்து எஃப்ஏ கோப்பை அரையிறுதி வரை கொண்டுபோனது மட்டும் விதிவிலக்கு.

கேள்வி: டாமி டாக்கர்ட்டி?

கிளாஸ்கோ ஆள், இங்கிலாந்துக்காரர் இல்லை, ஆனால் இந்தக் கூட்டத்தில் அவரை விடமுடியாது. 1974-இல் மான்செஸ்டர் யுனைடெட்டோடு கீழே இறங்கி, மறு வருடமே மேலே வந்து, 1977 எஃப்ஏ கோப்பை இறுதி ஆட்டத்தில் லிவர்பூலை 2-1 என்று வென்று, ஒரே சீசனில் மூன்று பெரிய கோப்பைகளும் எடுக்கும் அவர்களின் மும்முடிக் கனவைக் கலைத்தார். சில வாரங்களில் கிளப்பின் ஃபிசியோவுடைய மனைவியோடான உறவு வெளியே வந்து வேலை போனது. ஜாக் நிக்லாஸிடம் இருக்கும் கோல்ஃப் மட்டைகளைவிட நான் பார்த்த கிளப்புகள் அதிகம் (ஆங்கிலத்தில் மட்டையும் ‘கிளப்’தான்) என்று தன்னைத் தானே கேலி செய்துகொண்டவர்.

கேள்வி: லிவர்பூல் மேனேஜர் ஷாங்க்லிக்கும் ரெவிக்கும் ஆகாதா?

நன்றாகவே ஆகும். ஞாயிற்றுக்கிழமைகளில் ரெவிக்கு போன் போட்டு, தன் டீம் ஆட்களை ஒவ்வொருவராகப் புகழ்ந்து தள்ளுவாராம் ஷாங்க்லி. அவர் கிண்டலெல்லாம் எவர்ட்டன் மேல்தான்.

கேள்வி: இவ்வளவு ஜெயித்த கிளஃபுக்கு இங்கிலாந்து வேலை ஏன் கிடைக்கவில்லை?

எஃப்ஏ என்ற இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கத்தின் பெரியவர்களுக்கு அவரைக் கண்டாலே பயம். 1973-இல் யுவென்டஸிடம் தோற்றதும் இத்தாலியப் பத்திரிகையாளர்களின் முகத்துக்கு நேரே, ஏமாற்றுக்காரர்கள் என்று திட்டியவர். டிவியில் தலைகாட்டாதே என்ற டெர்பி சேர்மனோடு மோதி அக்டோபரில் ராஜினாமா செய்து, இரண்டே நாளில் டிவியில் உட்கார்ந்து போலந்து கோல்கீப்பர் தொமஷெவ்ஸ்கியைக் கோமாளி என்றார். அந்தக் கோமாளிதான் அன்று இங்கிலாந்தை 1-1 என்று நிறுத்தி 1974 உலகக் கோப்பைக்கு வெளியே உட்காரவைத்தார்.

ரெவி 1977-இல் இங்கிலாந்தைப் பாதியில் விட்டுவிட்டு, பெரும் சம்பளத்துக்கு ஐக்கிய அரபு அமீரக அணிக்குப் போனபோது கிளஃபுக்கு வழி திறந்தது. டிசம்பரில் நேர்காணலுக்கும் போனார். ஃபாரஸ்ட் அப்போது, முதல் டிவிஷனுக்கு ஏறிய முதல் வருடத்திலேயே பட்டியலின் உச்சியில். ஆனாலும் வேலை ரான் கிரீன்வுட்டுக்குப் போனது. கிளஃபுக்கும் டெய்லருக்கும் ஆறுதலாக இங்கிலாந்து இளைஞர் அணியைக் கொடுத்தார்கள், கொஞ்ச நாளில் அதையும் விட்டுவிட்டு ஃபாரஸ்டோடு மட்டும் இருந்து, 1979-இலும் 1980-இலும் ஐரோப்பியக் கோப்பையை எடுத்தார்கள்.