சின்சின்வார் ஜாட்டுகள் கிருஷ்ணர் வழி வந்தவர்களா?

சின்சின்வார் என்பது வட இந்திய உழவர் சமூகமான ஜாட்டுகளில் ஒரு குலம்; ராஜஸ்தானின் பரத்பூர் அரச குடும்பம் இக்குலத்தைச் சேர்ந்தது. கிருஷ்ணரின் யது குலத்தில் வந்தவர்கள் என்பது அக்குடும்பம் வழிவழியாகச் சொல்லிவரும் வம்சக் கதை. மதிக்க வேண்டிய நம்பிக்கைதான், ஆனால் வரலாறாகக் கொள்ளச் சான்று இல்லை.

8-ஆம் நூற்றாண்டில் அரபுப் படை சிந்துவுக்குள் நுழைந்தபோது ஜாட்டுகள் அங்கே மேய்ச்சல் மக்கள். அப்புறம் மெல்ல மெல்லப் பஞ்சாப், யமுனைக் கரை என்று நகர்ந்து உழவர்களானார்கள்.

சின்சின்வார் என்ற பெயர் ராஜஸ்தானின் டீக் நகருக்கு அருகேயுள்ள சின்சினி கிராமத்திலிருந்து வந்தது. அவ்வூர் ராஜாராம்தான் 1688-இல் ஆக்ராவுக்கு அருகேயுள்ள சிக்கந்தராவில் அக்பர் சமாதியைச் சூறையாடியவர். வெண்கலக் கதவுகளைக்கூட விட்டுவைக்கவில்லை. முகலாய வரிச்சுமையில் நொந்த உழவர்களின் கோபம் அது. புராண வம்சாவளியைவிட இந்த எழுச்சிதான் இக்குலத்தின் பெரிய பெருமை என்பேன். பரத்பூர் அரசே அதிலிருந்து முளைத்ததுதான். ராஜாராமின் தம்பி சூராமன் அதற்கு அடித்தளமிட்டார், 1722-இல் பதன் சிங் தலைமையேற்றார், அவர் மகன் சூரஜ்மல் அதை உச்சத்துக்குக் கொண்டுபோனார்.