விறகைக் காரில் ஏற்றாதீர்கள்

கேள்வி: மிச்சிகனில் ஒரு ஸ்டேட் பார்க்கில் முதன்முறையாகக் கூடாரம் அடித்துத் தங்கப் போகிறோம். வீட்டில் கிடக்கும் விறகை எடுத்துப் போகலாமா? கூடாரம் நனையாமல் இருக்க என்ன வழி?

பதில்: விறகு வேண்டவே வேண்டாம். 2002-இல் டெட்ராய்ட் பக்கம் ஆசியாவிலிருந்து வந்த ஒரு பச்சை வண்டைக் கண்டுபிடித்தார்கள். அரை அங்குலம்தான் இருக்கும், பார்க்க நகை மாதிரி அழகு. அதன் புழு ஆஷ் மரப்பட்டைக்கு அடியில் குடைந்து குடைந்து, மரத்துக்குள் நீரும் சத்தும் ஓடும் பாதையை அறுத்துவிடும். கோடிக்கணக்கான மரங்கள் போய்விட்டன. வண்டு தானாகப் பறப்பது கொஞ்ச தூரம்தான். நம் கார் டிக்கியில் விறகோடு ஏறினால் நூறு மைல் போகும். பார்க்கிலோ பக்கத்திலோ வாங்கி, அங்கேயே எரித்துவிடுங்கள்.

கூடாரமா? குளிருக்குப் பயந்து நான் ஒருமுறை எல்லா ஜன்னலையும் இழுத்து மூடினேன். மழையே இல்லை, விடிகாலையில் முகத்தில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். எல்லாம் நாங்கள் விட்ட மூச்சு! மேல் ஜன்னலைத் திறந்தே வையுங்கள். அப்புறம், அடியில் விரிக்கும் தார்ப்பாய் கூடாரத்துக்கு வெளியே நீட்டக் கூடாது. நீட்டினால் மழைநீரைப் பிடித்து உங்கள் முதுகுக்கு அடியில் கொண்டுவந்து சேர்க்கும்.