நகம் வெட்டியது காரணமன்று, உண்ணியைக் கவனியுங்கள்

அன்புள்ள சகோதரிக்கு,

நகம் வெட்டும்போது உங்கள் கை தவறியதால்தான் உங்கள் லாப்ரடார் நாய் நான்கு நாளாகச் சாப்பிடாமல் சோர்ந்து கிடக்கிறது என்று எண்ணி வருந்துகிறீர்கள். அது காரணமன்று. நாயின் நகத்துக்குள் ரத்தக் குழாயும் நரம்பும் ஓடும் சதைப்பகுதி உண்டு. வீட்டில் முதன்முறையாக நகம் வெட்டுகிறவர்களில் பலர் அதைத் தொட்டுவிடுகிறார்கள், மருத்துவர்களாகிய நாங்களும் சில வேளை தொட்டுவிடுகிறோம். நாய் ஒருமுறை வீறிடும், ரத்தம் சொட்டும். சோள மாவை வைத்து 5 நிமிடம் கையை எடுக்காமல் அழுத்தினால் நின்றுவிடும். காயத்தின் வழியே விஷம் ஏறுமென்று கைப்பேசியில் படித்ததை மறந்துவிடுங்கள்.

உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது வேறு இரண்டு வரிகளை. முக்கால் மணி நேரம் அழுத்தியும் ரத்தம் கசிந்துகொண்டே இருந்தது என்று ஓரிடத்தில் எழுதியிருக்கிறீர்கள். முடி வாரும்போது காது மடலுக்குள்ளும் கால் விரலிடுக்கிலும் உண்ணிகள் இருந்தன என்று, ஏதோ அழுக்கைப் பற்றிச் சொல்வதுபோல, இன்னோரிடத்தில் எழுதியிருக்கிறீர்கள். இவ்விரண்டையும் சேர்த்துப் பார்க்கும் எந்தக் கால்நடை மருத்துவருக்கும் முதலில் தோன்றுவது உண்ணிக் காய்ச்சல்தான். நம் வீட்டு நாய்களில் ஒட்டும் பழுப்பு உண்ணி ரத்தம் குடிக்கும்போது எர்லிக்கியா என்னும் நுண்ணுயிரை உடலுக்குள் விட்டுவிடுகிறது. அது வெள்ளை அணுக்களுக்குள் குடியேறி, ஒன்று முதல் மூன்று வாரங்களில் காய்ச்சலையும் பசியின்மையையும் உண்டாக்குவதோடு, ரத்தத்தை உறையச் செய்யும் தட்டணுக்களையும் குறைத்துவிடுகிறது. நலமுள்ள நாய்க்கு ஒரு மைக்ரோ லிட்டர் ரத்தத்தில் ஏறத்தாழ 2 முதல் 5 லட்சம் தட்டணுக்கள் இருக்கும். அவை மிகவும் குறைந்துபோனால் சிறு கீறலிலும் ரத்தம் நிற்பதில்லை. நீங்கள் நகத்தை வெட்டியிராவிட்டால் இது இப்போதைக்கு வெளியே தெரிந்தே இருக்காது.

நாயை வெளிச்சத்தில் உட்கார வைத்து, மேலுதட்டைக் கட்டைவிரலால் தூக்கி ஈறைப் பாருங்கள். ஈறு இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் 2 நொடிக்குள் பழைய நிறத்துக்குத் திரும்ப வேண்டும். பிறகு மல்லாக்கப் படுக்க வைத்து, முடி குறைவாக உள்ள அடிவயிற்றில் குண்டூசித் தலை அளவுச் சிவப்புப் புள்ளிகள் உள்ளனவா என்று பாருங்கள். ஈறு வெளுத்திருந்தாலோ, புள்ளிகள் தெரிந்தாலோ, மூக்கிலிருந்து ரத்தம் வந்தாலோ, சிறுநீர் காப்பி நிறத்தில் போனாலோ இரவென்று பாராமல் அழைத்துச் செல்லுங்கள். இவற்றில் ஒன்றுமே இல்லையென்றாலும் நாளைக் காலை ரத்தப் பரிசோதனை செய்தே ஆக வேண்டும். பாளையங்கோட்டையில் இருக்கும் உங்களுக்கு ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை தொலைவில் இல்லை. தொடக்கத்திலேயே கண்டுபிடித்தால் டாக்சிசைக்ளின் என்னும் கிருமிக்கொல்லி மாத்திரையை வழக்கமாக 28 நாள் கொடுக்கிறோம். பெரும்பாலான நாய்கள் முதல் ஓரிரு நாளிலேயே தட்டில் வாய் வைக்கும். அதைப் பார்த்துப் பாதியில் நிறுத்துகிறவர்கள் உண்டு. கிருமி உடலிலேயே தங்கி, பல மாதம் கழித்து எலும்பு மஜ்ஜையைத் தாக்கிய பிறகு வந்து நிற்பார்கள். அந்நிலையில் நாங்கள் செய்யக்கூடியது மிகக் குறைவு.

வலிக்கு என்று நீங்களாகக் கொடுத்த அரை இபுபுரோஃபென் மாத்திரையைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்லியாக வேண்டும். மனிதருக்கான அந்த மருந்து நாயின் இரைப்பையைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும், மிச்சமிருக்கும் தட்டணுக்களையும் வேலை செய்ய விடாது. ரத்தம் நிற்காத நாய்க்கு இதைவிடத் தகாத மாத்திரை வேறில்லை. இனி ஒரு துண்டுகூடக் கொடுக்காதீர்கள். எப்போது, எவ்வளவு கொடுத்தீர்கள் என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். வீட்டில் எலி மருந்து வைத்திருந்தால் அதையும் சொல்லுங்கள், ஏனென்றால் அதைத் தின்ற நாய்க்கும் இப்படித்தான் ரத்தம் நிற்காது.

உண்ணிக்கு மண்ணெண்ணெய் தடவச் சொன்னவர் பேச்சைக் கேட்காதீர்கள், தோல் வெந்துபோகும். கண்ணில் படும் உண்ணியை, அதன் வயிற்றை நசுக்காமல், தோலை ஒட்டி இடுக்கியால் பற்றி நேராக இழுத்தெடுங்கள். ரத்தம் குடித்துப் பருத்த பெண் உண்ணி கீழே உதிர்ந்து சுவர் விரிசலில் ஆயிரக்கணக்கில் முட்டையிடுமாதலால், நாய் படுக்கும் இடத்தின் விரிசல்களைச் சிமெண்ட் பூசி அடைப்பதும் மருத்துவத்தில் சேர்ந்ததே. உண்ணி மருந்தை எடைக்கேற்ப மருத்துவர் எழுதித் தரட்டும்.

முடி உதிர்வது லாப்ரடாருக்கு இயல்பு. தினமும் வாரினால் போதும், வெயிலுக்காக மொட்டையடிக்க வேண்டாம். உங்கள் ஷாம்பூவை ஒருமுறை போட்டதால் கேடொன்றும் வந்துவிடாது, அடுத்த முறை நாய்க்கென விற்பதை வாங்கிக்கொள்ளுங்கள். நகம் வெட்டுவதை ரத்த அறிக்கை வரும்வரை தள்ளிப்போடுங்கள். பிறகு வெட்டும்போது நுனியில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் மட்டும் வெட்டி, கறுப்பு நகமானால் வெட்டிய முகத்தின் நடுவில் கருமையான சிறு புள்ளி தெரிந்தவுடன் நிறுத்திவிடுங்கள்.