நீலகிரியில் கேரட் தோட்டத்துக்குக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையக் கசடு போடலாமா?

கேத்திப் பக்கம் ஒன்றரை ஏக்கரில் கேரட், பீட்ரூட். கசடு இலவசம், லாரி வாடகை மட்டும். 'நன்றாக மட்க வைத்ததுதானே, போடலாமா?' என்று கேட்டிருக்கிறீர்கள். கிழங்குக்கும் கீரைக்கும் வேண்டாம். வேலியோரச் சில்வர் ஓக் மரத்துக்கு என்றால், பரிசோதித்துவிட்டுப் போடலாம்.

மட்க வைத்தால் நாற்றம் போகும். சூடு சரியாக ஏறியிருந்தால் புழு முட்டையும் சாகும். கசட்டில் இருக்கும் காட்மியம், ஈயம் போன்ற நச்சு உலோகங்கள் எங்கே போகும்? கரிமப் பொருள் காற்றாகிக் குப்பையின் எடைதான் குறைகிறது. அதனால் கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் என்று பார்த்தால் மட்கிய பிறகு உலோகம் கூடித்தான் நிற்கும்.

மலை மண் புளிப்பு; பி.எச். (எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம்) 4.5, 5 என்று சாதாரணமாக வரும். சமவெளிச் சுண்ணாம்பு மண் இறுகப் பிடித்து வைக்கிற காட்மியத்தை இந்த மண் கரைத்து வேருக்குக் கொடுத்துவிடும். 1986-ஆம் ஆண்டு ஐரோப்பியக் கசடு விதி, பி.எச். 6-க்குக் கீழே இருந்தால் இதைக் கணக்கில் எடுக்கச் சொல்கிறது. மண்ணை ஒட்டி விளைந்து பச்சையாகத் தின்னும் காய்களுக்கு அறுவடைக்கு 10 மாதம் முன்பே கசடை நிறுத்தவும் சொல்கிறது. வருஷத்துக்கு இரண்டு போகம் எடுக்கிற கேரட் காட்டில் அது நடக்காது.

நம் உரக் கட்டுப்பாட்டு ஆணையில் நகரக் கம்போஸ்ட்டுக்கு உச்ச வரம்பு, கிலோவுக்குக் காட்மியம் 5 மி.கி., ஈயம் 100, நிக்கல் 50. வரம்பிலேயே இருக்கும் சரக்கை ஏக்கருக்கு 4 டன் (உலர் எடை) போட்டால் 20 கிராம் காட்மியம் இறங்கும். மேல் 15 செ.மீ. மண் சுமார் 8 லட்சம் கிலோ, கிலோவுக்கு 0.025 மி.கி. கூடும். சின்ன எண்தான். ஆனால் போகத்துக்கு ஒரு தடவை என்று பத்து வருஷம் போட்டால் அரை மில்லிகிராம். மண்ணுக்குள் போனதைத் திரும்ப எடுக்க முடியாது.

பரிசோதனையில் பலர் ஏமாறுவது ஈரத்தில். 80 சதவீதம் தண்ணீர் உள்ள கசட்டில் ஈர எடையில் கிலோவுக்குக் காட்மியம் 2 மி.கி. என்று அறிக்கை வந்தால், உலர் எடைக்கு அது 10. வரம்பைப் போல இரண்டு மடங்கு. 'மொத்த உலோகம், உலர் எடைக்கு' என்று எழுதிக் கேளுங்கள். வழக்கமான மண் பரிசோதனை தழை, மணி, சாம்பலோடு நின்றுவிடும். குவியலில் பத்து இடத்தில், ஓரடி உள்ளே, பிளாஸ்டிக் குவளையால் அள்ளிக் கலந்து அரைக் கிலோ அனுப்புங்கள். துத்தநாகம் பூசிய வாளி, மண்வெட்டி பட்டால் துத்தநாகக் கணக்கு கெட்டுவிடும்.

நான்ஸ்டிக் பூச்சிலும் தீயணைப்பு நுரையிலும் வரும் பிஃபாஸ் (PFAS) ரசாயனங்கள் இந்தச் சோதனையில் தெரியாது. மட்க வைத்தாலும் சிதையாது. அமெரிக்காவின் மெய்ன் மாநிலம் 2022-இல் நிலத்தில் கசடு போடுவதையே தடை செய்ததற்குக் காரணம் இவைதான்.

ஏற்கெனவே போட்டுவிட்டீர்களா? டோலமைட் கொடுத்துப் பி.எச்.சை 6-க்கு மேல் கொண்டுவாருங்கள். அளவை மண் பரிசோதனைச் சீட்டில் வரும் சுண்ணாம்புத் தேவையைப் பார்த்து முடிவு செய்யுங்கள். நிறைய வேண்டியிருந்தால் இரண்டு தவணையாகப் பிரித்து, விதைப்புக்கு மூன்று வாரம் முன்பே கொத்திக் கலந்துவிடுங்கள். பி.எச். ஏறிய நிலத்தில் உருளைக்குச் சொறி நோய் வரும், அதனால் அங்கே உருளை வேண்டாம். பட்டாணி, பீன்ஸ் போடலாம். காயில் காட்மியம் குறைவாகத்தான் ஏறும்.